கில்ட்டில் பின்னுக்குப் பதில் எதைக் குத்தலாம்?

கல்யாண சீசன் பிறந்துவிட்டால் கிளாஸ்கோவில் என் தையல் மேசைக்குக் கில்ட்டுகள், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றி உடுத்தும் கொசுவ உடைகள், வரத் தொடங்கும். இடுப்பு வாரை நகர்த்தித் தைக்க வேண்டும், பிரிந்த கொசுவத்தைப் பிடிக்க வேண்டும், பூச்சி அரித்த இடத்தில் இழை கோத்து டார்னிங் செய்ய வேண்டும். இந்த வருஷம் அவற்றோடு ஒரு கேள்வியும் வந்து சேர்ந்தது. கேட்டவர்கள் மூன்று பேர், மூவரும் நம்மவர்கள். "அக்கா, அந்த வாள் மாதிரி இருக்கிற பின்னைத்தான் குத்தணுமா? வேற எதையாவது அழகா குத்தக் கூடாதா?"

ஒருவர் பெர்த்ஷயரில் ஸ்காட்லாந்துப் பெண்ணைக் கைப்பிடிக்கப் போகும் மாப்பிள்ளை. அவருடைய அப்பாயி பட்டுச்சேலையில் குத்திக்கொண்டிருந்த மாங்காய் ப்ரூச் ஒன்று கையில் இருக்கிறது. அதைக் கில்ட்டில் குத்த ஆசை. இன்னொருவர் அபர்டீனில் படிக்கும் பையன், பட்டமளிப்பு விழாவுக்கு வாடகைக் கில்ட் எடுக்கிறான். மூன்றாமவர் இருபது வருஷமாக இங்கே இருப்பவர். கையால் தைத்த சொந்தக் கில்ட், மாதம் தவறாமல் கேய்லி எனும் ஸ்காட்லாந்துக் கூட்டு நடனம். மூவரும் கேட்டது ஒன்றுதான் என்றாலும் மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

## கில்ட் பின் செய்யும் வேலை என்ன?

கில்ட்டில் கொசுவமெல்லாம் பின்பக்கம் போய்விடும். முன்பக்கம் தட்டையான இரண்டு பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும், ஏப்ரன் என்பார்கள். மேல் ஏப்ரனின் வலது கீழ் மூலையில், இழை பிரித்துவிட்ட ஓரத்திலிருந்து சுமார் 2 அங்குலம் உள்ளே, அடி விளிம்பிலிருந்து 3, 4 அங்குலம் மேலே பின் இருக்கும். இரண்டு ஏப்ரனையும் சேர்த்துப் பிடிக்கத்தான் அது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கில்ட்டை நிறுத்துவது இடுப்பிலுள்ள வாரும் பக்கிளும். கில்ட் பின் என்பது மேல் ஏப்ரனில் மட்டும் ஏறும் ஒரு நகை. போனால் போகிறதென்று அந்த மூலைக்குக் கொஞ்சம் கனமும் கொடுக்கும்.

இது எனக்கும் ஆரம்பத்தில் தெரியாது. வேலைக்கு வந்த முதல் வருஷம், காற்று வீசிய ஒரு நாளில், ஒருவருக்கு நான்தான் இரண்டு ஏப்ரனையும் சேர்த்துப் பின் குத்தி அனுப்பினேன். அவர் காரில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். உட்காரும்போது மேல் துணி ஒரு பக்கம் போகும், உள் துணி இன்னொரு பக்கம் போகும். நடுவில் மாட்டிக்கொண்ட பின் விரல் நீளத்துக்குத் துணியைக் கிழித்துவிட்டது. அவருடைய அப்பாவின் கில்ட் அது. மூன்று நாள் உட்கார்ந்து, உள் ஏப்ரனின் ஓரத்திலிருந்து அதே நிற இழைகளை உருவி, ஒவ்வொன்றாகக் கோத்துச் சரிசெய்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தடம் இன்றும் தெரியும்.

விக்டோரியா மகாராணி பால்மோரலில் காற்றில் தவித்த ஒரு படைவீரனைப் பார்த்து, தன் ஊசியைக் கழற்றி அவன் கில்ட்டில் குத்திவிட்டார், அதிலிருந்துதான் இந்த வழக்கம் வந்தது என்று கடைகளில் சொல்வார்கள். நல்ல கதை. கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். படைப்பிரிவுகளுக்குத் தனித்தனி உடை ஒழுங்கு உண்டு. நம்மைப்போல் கல்யாணத்துக்கும் விழாவுக்கும் உடுத்துகிறவர்கள் இன்னதைத்தான் குத்த வேண்டும் என்று எங்கும் விதி கிடையாது.

## எதை வைத்து முடிவெடுப்பது?

அழகைக் கடைசியில் பார்க்கலாம். நான் முதலில் பார்ப்பது துணியை. நல்ல கில்ட்டுக்கு 8 கெஜம், அதாவது 7 மீட்டருக்கு மேல், முறுக்கிய கம்பளி நூலில் நெய்த துணி போகிறது. கையால் தைத்தது 500 பவுண்டைத் தாண்டும். அதன் அடி விளிம்பு மடித்துத் தைத்தது அல்ல, தறியிலேயே முடிந்த கரை. மடிப்பில்லாத இடத்தில் ஓட்டை விழுந்தால் ஒளித்துவைக்க வழியில்லை. மெல்லிய கூர்முனை இழைகளுக்கு நடுவே புகுந்து வெளியே வந்தால், கொஞ்சம் ஆவி காட்டியதும் துணி பழையபடி கூடிக்கொள்ளும். தடித்த முனையோ மழுங்கிய முனையோ இழையை அறுத்துவிடும். அறுந்தது அறுந்ததுதான்.

அடுத்தது எடை. கெஜத்துக்கு 16 அவுன்ஸ் வரும் கனத்த துணி நல்ல எடையையும் தாங்கும். 13 அவுன்ஸ் நடுத்தரம். 10, 11 அவுன்ஸ் துணியிலும் வாடகைக்கு வரும் பாலியெஸ்டர் விஸ்கோஸ் கலப்பிலும் கனமான ப்ரூச்சைக் குத்தினால் மூலை தொங்கி, கட்டங்களின் கோடு கோணலாகிவிடும்.

மூன்றாவது, சிக்குமா என்பது. இந்த இடம் முட்டிக்குச் சற்று மேலே இருக்கிறது. பக்கத்தில் நிற்பவரின் லேஸ் உடை, மடியில் ஏறும் குழந்தை, கார் சீட், எல்லாம் அந்த உயரத்தில்தான்.

நான்காவதாக, அந்தச் சின்னம் யாருடையது என்று பாருங்கள். ஸ்காட்லாந்தில் சில உருவங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. கடையில் விலைக்குக் கிடைக்கிறது என்பதாலேயே அது நம்முடையதாகிவிடாது.

செலவைக் கணக்கிடும்போது வாங்கும் விலையோடு நிறுத்தாதீர்கள். கொக்கி மாற்றுவது, பாலிஷ் போடுவது, தொலைந்தால் மனம் படும் பாடு, வாடகைக் கடைக்குக் கட்டும் அபராதம், எல்லாம் செலவுதான்.

| எதை | துணிக்கு | சிக்குமா | மறைந்திருக்கும் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| வழக்கமான பின் | முனை மெல்லிசானால் தொல்லை இல்லை | குறைவு | முலாம் உரிவது | வாடகைக் கில்ட், அவசரம் |
| திறந்த வளைய ப்ரூச் | தடித்த முனை, ஆபத்து | அதிகம் | துணி சுருங்குவது, ஓட்டை | கனத்த துணி, நடனம் இல்லாத விழா |
| லக்கன்பூத் (இதய வடிவ வெள்ளி ப்ரூச்) | மிக நல்லது | குறைவு | சிறியது, தொலையும் | மாப்பிள்ளை, மெல்லிய துணி |
| குடும்ப ப்ரூச் | கொக்கியைப் பொறுத்தது | நடுத்தரம் | பூட்டு மாற்றும் கூலி, கல் கழல்வது | கல்யாணம் |
| குலச் சின்னம், படைச் சின்னம் | நல்லது | குறைவு | உரிமை பற்றிய கேள்வி | உரிமை உள்ளவருக்கு மட்டும் |
| மான்கொம்பு, மரம் | குச்சி தடிமனானால் ஆபத்து | நடுத்தரம் | விமானப் பயணம், உடைவது | ட்வீட் கோட்டோடு பகல் உடை |
| நாடாக் குஞ்சம் | ஓட்டையே இல்லை | இல்லை | தைக்கும் நேரம், சாயம் | நடனக்காரர் |
| காந்தம் | ஓட்டையே இல்லை | இல்லை | நழுவி விழுவது | புகைப்படத்துக்கு மட்டும் |
| ஒன்றும் இல்லாமல் | கவலையே இல்லை | இல்லை | இல்லை | எல்லோருக்கும் |

## வழக்கமான பின்

வாள், முட்செடிப்பூ, மான்தலை, கெல்டிக் முடிச்சு: கடையில் அதிகம் கிடைப்பவை இவை. பத்து இருபது பவுண்டுக்கு வருவது பெரும்பாலும் வார்ப்பு உலோகத்தில் குரோம் முலாம் பூசியது. மாற்று தேடுகிறவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது என்பது என் எண்ணம். நீளவாக்கில் ஒல்லியாக இருப்பதால் துணியின் மேல் படிந்து கிடக்கும், எதிலும் மாட்டாது. பியூட்டர் பின் பார்க்கப் பழமையாகவும் அழகாகவும் இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி வெள்ளீயம், உலோகம் மெத்து, அழுத்தினால் வளையும். அதை வாங்கினால் பின்னாலுள்ள ஊசி தனியாக எஃகில் செய்ததா என்று பாருங்கள்.

இதே குடும்பத்தில் எனக்குப் பிடித்தது எந்த அலங்காரமும் இல்லாத பெரிய ஊக்கு. நம் வீட்டில் கொத்தாக மாட்டிவைத்திருக்கும் அதே ஊக்குதான், 3 அங்குல நீளத்தில் கனமாக. படைவீரர்களின் கில்ட்டிலும் இந்த மாதிரி எளிய ஊக்கைப் பார்க்கலாம். பூட்டிக்கொள்ளும், தொலையாது, எதோடும் சண்டை போடாது.

## திறந்த வளைய ப்ரூச்

ஒரு வளையம், அதில் ஓர் இடைவெளி, வளையத்தின் மேல் நகரும் நீண்ட ஊசி. பென்னானுலர் என்பார்கள். ஊசியைத் துணியில் விட்டு எடுத்து, வளையத்தின் இடைவெளி வழியாக ஊசிமுனையைக் கடத்தி, வளையத்தைக் கால் சுற்று திருப்பினால் பூட்டிவிடும். கொக்கியும் கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இந்த உத்தி வேலை செய்கிறது.

எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனால் ஹண்டர்ஸ்டன் ப்ரூச்சின் முன் நின்று பாருங்கள். கி.பி. 700ஐ ஒட்டிச் செய்தது. வெள்ளியில் தங்கப்பூச்சு, மேலே தங்க இழை வேலை, அம்பர் கல். அதன் வளையம் மூடியதுதான், இடைவெளியின் இடத்தில் அலங்காரம் நிரம்பியிருக்கிறது. பின்புறம் வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியில், ரூன் என்ற பழைய எழுத்தில் யாரோ கீறியிருக்கிறார்கள்: இது மெல்பிரிக்தாவுக்குச் சொந்தம் என்று. பெயர் இந்த மண்ணின் கேலிக் மொழிப் பெயர், எழுதிய மொழி நார்ஸ். பாத்திரத்தில் பேர் வெட்டும் நம் பழக்கம்தான் எனக்கு நினைவு வந்தது.

அழகில் இதற்கு ஈடில்லை என்றே சொல்வேன். ஆனால் தையல்காரியாக எச்சரிக்க வேண்டியிருக்கிறது. இந்த வகை ப்ரூச் கனத்த போர்வைத் துணியைத் தோளிலோ மார்பிலோ திரட்டிப் பிடிக்க வந்தது. தொளதொளவென்று நெய்த துணி, அதில் தடித்த ஊசி சுலபமாகப் புகும். இன்றைய கில்ட் துணி இறுக்கமான நெசவு. 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஊசி இரண்டு இடத்தில் ஏறி இறங்கும்போது இழை அறும். அதோடு, திரட்டிப் பிடிப்பதே இதன் வேலை என்பதால் தட்டையாக விழ வேண்டிய ஏப்ரன் சுருங்கி நிற்கும். ஊசிமுனை வளையத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டும் இருக்கும்.

ஆசை விடவில்லை என்றால் வழி இருக்கிறது. பின்பக்கம் சாதாரண மெல்லிய ஊசி பொருத்தி, முன்பக்கம் மட்டும் இந்த உருவத்தில் செய்த ப்ரூச்சுகள் விற்கிறார்கள். தோற்றமும் கிடைக்கும், துணியும் பிழைக்கும். இல்லையென்றால் உண்மையான வளைய ப்ரூச்சைத் தோளில் போடும் சால்வைத் துணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் இடம் அதுதான்.

## லக்கன்பூத்

மேலே கிரீடம், கீழே ஒற்றை இதயமோ பின்னிக்கொண்ட இரட்டை இதயமோ. எடின்பரோவின் பழைய கடைத்தெருவில், செயின்ட் ஜைல்ஸ் பேராலயத்தின் பக்கத்தில் பூட்டிவைக்கும் சிறு கடைகள் இருந்தன. அங்கே விற்ற வெள்ளி நகை என்பதால் அந்தக் கடைகளின் பெயரே இதற்கும் ஒட்டிக்கொண்டது. நிச்சயம் செய்த பெண்ணுக்குக் கொடுப்பார்கள். பிறகு குழந்தை பிறந்தால் அதன் சால்வையில் கண்ணேறு படாமலிருக்கக் குத்துவார்கள். நம் வீட்டுக் குழந்தைக்குக் கன்னத்தில் வைக்கும் மைப்பொட்டுக்கு இங்கே இது.

கில்ட்டுக்கு என்று வந்தது அல்ல. ஆனாலும் மெல்லிய துணிக்கு இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. பெரும்பாலும் 3, 4 சென்டிமீட்டருக்குள் அடங்கும், எடை சில கிராம், ஊசி மெல்லிசு, ஓரமெல்லாம் வழவழப்பு. குறை என்று சொன்னால் அளவுதான். பெரிய கட்டம் போட்ட டார்டன் துணியில் தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாது. சிறியது என்பதால் விழுந்தாலும் தெரியாது.

வெள்ளி என்று விற்றால் முத்திரையைத் தேடுங்கள். பிரிட்டனில் 7.78 கிராமுக்கு மேல் எடையுள்ள பொருளை வெள்ளி என்று சொல்லி விற்க வேண்டுமானால் ஹால்மார்க் கட்டாயம். எடின்பரோ சோதனை நிலையத்தின் குறி ஒரு கோட்டை. அங்கே முத்திரையிட்ட ஸ்டெர்லிங் வெள்ளியில் 1759 முதல் 1974 வரை முட்செடிப்பூ இருக்கும், 1975 முதல் பாயும் சிங்கம். பழைய பொருள் சந்தையில் "விக்டோரியா காலத்து எடின்பரோ வெள்ளி" என்று சொல்லிச் சிங்கம் குத்திய ஒன்றை நீட்டினால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். லக்கன்பூத் பெரும்பாலும் அந்த எடைக்குக் குறைவு. முத்திரை இல்லாததாலேயே போலி என்றும் முடிவு செய்துவிடக் கூடாது.

## குடும்பத்து ப்ரூச்

மாப்பிள்ளையின் கதைக்கு வருகிறேன். அவர் கொண்டுவந்த மாங்காய் ப்ரூச்சைப் பார்த்ததும், "தம்பி, இது இந்த ஊருக்கு அந்நியம் இல்லைப்பா" என்றேன். கிளாஸ்கோவுக்கு மேற்கே சில மைல் தள்ளி பெய்ஸ்லி என்று ஓர் ஊர். காஷ்மீர்ச் சால்வையைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டில் அங்கே தறிகளில் நெய்து குவித்தார்கள். அந்தச் சால்வையின் மாங்காய்க்கு ஆங்கிலத்தில் நிலைத்த பெயரே அந்த ஊரின் பெயர்தான். நாம் பட்டுக் கரையில் மாங்காய் என்று சொல்வதை இவர்கள் பெய்ஸ்லி என்கிறார்கள். அப்பாயியின் ப்ரூச் பேரனின் கில்ட்டில் ஏற இதைவிட என்ன பொருத்தம் வேண்டும்?

ஆனால் ஆசை மட்டும் போதாது. அந்த ப்ரூச்சின் பின்னால் இருந்தது வெறும் கொக்கி. ஊசி அதில் உட்காரும், பூட்டாது. பழைய ப்ரூச்சுகள் பலவும் இப்படித்தான். சேலையில் தோளில் குத்தினால் துணியின் இழுப்பே அதை நிறுத்தும். கில்ட் மூலையில் ஒவ்வொரு அடிக்கும் துணி ஆடும். ஊசி மெல்ல மெல்ல வெளியே வரும். நகைக்கடையில் பூட்டும் கொக்கி வைத்துத் தருவார்கள். கூலியைவிடக் கவனிக்க வேண்டியது சூடு. பற்றவைக்கும்போது எனாமல் வெடிக்கலாம், கல் நிறம் மாறலாம். கல்லைக் கழற்றாமல் சூடு காட்ட வேண்டாம் என்று வாயால் சொல்லிவிட்டு வாருங்கள். அதற்கு மனம் ஒப்பவில்லையென்றால் ப்ரூச்சில் ஒரு மெல்லிய சங்கிலி கோத்து, அதன் முனையில் குட்டி ஊக்கு மாட்டி, அந்த ஊக்கைத் துணியின் பின்பக்கம் குத்திவிடலாம். மாப்பிள்ளைக்கு அப்படித்தான் செய்துகொடுத்தேன். கொக்கி அப்பாயி காலத்துக் கொக்கியாகவே இருக்கட்டும் என்று அவரும் சொன்னார்.

ஸ்காட்லாந்துக் குடும்பங்களில் இதே இடத்தைப் பிடிப்பது கூழாங்கல் நகைகள். அகேட் கல்லைப் பல நிறத்தில் சீவி வெள்ளியில் பதித்திருப்பார்கள். நடுவில் கெய்ர்ன்கார்ம் மலையின் பெயரால் வழங்கும் தேன்நிற, புகைநிற ஸ்படிகம் இருக்கும். விக்டோரியா காலத்தில் மிகவும் விரும்பப்பட்டவை. மாமனார் வீட்டில் இப்படி ஒன்று பரிசாக வந்தால் தண்ணீரிலோ நகை கழுவும் திரவத்திலோ போடவே போடாதீர்கள். பல நகைகளில் கற்களை அடியில் அரக்கு வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள். ஊறினால் கல் கழன்று கையோடு வரும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாக்களின் ப்ரூச் சில உள்ளங்கை அகலம் இருக்கும். 16 அவுன்ஸ் துணி தாங்கும்; வாடகைத் துணி தாங்காது.

## குலச் சின்னமும் படைச் சின்னமும்

கடைகளில் வாரும் பக்கிளும் வட்டமாகச் சுற்றிய சின்னங்கள் நூற்றுக்கணக்கில் தொங்கும். அந்த வட்டத்துக்கு அர்த்தம் உண்டு. நடுவிலுள்ள சின்னம் குலத்தலைவருக்குச் சொந்தம். சுற்றியுள்ள வார், அணிபவர் அந்தத் தலைவரைச் சேர்ந்தவர் என்பதைக் காட்டுகிறது. வார் இல்லாத வெறும் சின்னம் தலைவருக்கே உரியது. லார்ட் லையன் என்ற பதவியும் அதற்கான நீதிமன்றமும் இங்கே இன்றும் இருக்கின்றன. கேடயச் சின்னங்களின் உரிமையை அங்கேதான் தீர்மானிக்கிறார்கள்.

திருமணத்தாலோ பிறப்பாலோ அந்தக் குலத்தோடு உறவிருந்தால் தாராளமாக அணியுங்கள். உறவில்லாமல் அழகுக்காக மட்டும் அணிவது எனக்குச் சரியாகப் படவில்லை. படைப்பிரிவுச் சின்னத்தில் இன்னும் கண்டிப்பாக இருப்பேன். சந்தையில் பழைய தொப்பிச் சின்னங்கள் சில பவுண்டுக்குக் கிடைக்கும். அதே சின்னத்தை அணிந்து போர்முனையில் நின்றவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அந்த மண்டபத்திலேயே இருக்கக்கூடும். "எந்த வருஷம் இருந்தீங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டால் என்ன பதில் சொல்வது? உங்கள் அப்பாவோ தாத்தாவோ அணிந்ததாக இருந்தால் அது வேறு. அப்போது அது குடும்பத்து நகை.

## மான்கொம்பும் மரமும்

செந்நிற மான்கள் வருஷாவருஷம் வசந்தத்தில் கொம்பு உதிர்க்கும். உதிர்ந்ததை எடுத்துச் சீவி ப்ரூச்சும் ஊசியும் செய்கிறார்கள். ட்வீட் கோட்டும் கனத்த காலுறையுமாகப் பகலில் உடுத்தும் கில்ட்டுக்குக் கண்ணை உறுத்தாமல் பொருந்தும். கறுப்புக் கோட்டு, வெள்ளிப் பொத்தான் போட்ட மாலை உடைக்கு ஒட்டாது. குச்சியையே ஊசியாகக் குத்தும் வகையை வாங்காதீர்கள், கம்பளிக்கு அது ஆணி. பின்னால் உலோக ஊசி வைத்ததாகப் பாருங்கள். ஊருக்குப் போகும்போது இதைப் பெட்டியில் வைக்கவும் வேண்டாம். இந்தியாவில் மான்கொம்பு வணிகத்துக்குத் தடை இருக்கிறது. இது ஸ்காட்லாந்து மானின் உதிர்ந்த கொம்பு என்று விமான நிலையத்தில் நிரூபித்துக்கொண்டு நிற்க நேரும்.

## நாடாக் குஞ்சம்

ஹைலேண்ட் படைப்பிரிவுகள் சிலவற்றில் அதிகாரிகளின் கில்ட்டில் அந்த இடத்தில் பட்டு நாடா முடிச்சைப் பார்க்கலாம். நாமே செய்துகொள்ளலாம். ஒரு அங்குலப் பட்டு நாடா, வில் போல மடித்து, கீழே இரண்டு வால். வால்நுனியைத் தகைவிலான் வால் மாதிரி வெட்டிவிட வேண்டும். டார்டனில் மெல்லிய கோடாக ஓடும் ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் துணியே அதைக் கேட்டு வாங்கிக்கொண்டதுபோல் இருக்கும். பின்னலிலிருந்து கொசுவ முடிச்சுவரை நாடாவில் வளர்ந்த நமக்கு இது கைவந்த வேலை.

மூன்றாமவருக்கு, அந்த நடனக்காரருக்கு, இதைத்தான் தைத்துக் கொடுத்தேன். 'ஸ்ட்ரிப் தி வில்லோ' ஆடும்போது கையைக் கோத்துக்கொண்டு ஆள் மாற்றி ஆள் சுழல்வார்கள். போன வருஷம் அவருடைய வாள் பின்னின் குறுக்குப்பிடி கூட ஆடிய பெண்ணின் வலைத்துணிப் பாவாடையில் மாட்டி, ஒரு முழம் கிழிந்ததாம். வாள் பின் பொதுவாகச் சாது; ஆனால் வலைத்துணிக்கு முன் எந்த உலோகமும் சாது இல்லை. நாடாவை நாலு தையலில் பிடித்திருக்கிறேன். கையால் இழுத்தாலும் வராது, கத்தரியால் வெட்டினால் தடமில்லாமல் போகும். சலவைக்குக் கொடுக்கும் முன் கட்டாயம் பிரிக்க வேண்டும், அடர்ந்த சிவப்பு நாடா சாயம் விடும். அச்சாகப் படை பாணியிலேயே செய்யாமல் சொந்த நிறத்தில் செய்யுங்கள்.

## காந்தம்

ஓட்டை விழாது என்பதால் பலர் கேட்கிறார்கள். நின்றால் நிற்கும். கனத்த கம்பளியில் இரண்டு காந்தத்துக்கும் நடுவே துணி தடிமனாக வருவதால் பிடிப்பு குறையும். நடந்தால் சறுக்கும், ஆடினால் தரையில் கிடக்கும். கல்யாண வீட்டில் தரையில் விழுந்த சின்னக் காந்தத்தை ஒரு குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிட்டே கொண்டுபோகவே கூடாது. படம் எடுக்கும் பத்து நிமிஷத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## ஒன்றும் குத்தாமல்

அபர்டீன் பையனுக்கு நான் சொன்னது இது. வாடகை உடையோடு ஒரு பின் வந்திருந்தால் அதைக் குத்து, இல்லையென்றால் விட்டுவிடு. வாடகைக் கில்ட்டில் சொந்த ப்ரூச்சைக் குத்தி ஓட்டை விழுந்தால் முன்பணம் போகும். அதைவிட, திருப்பிக் கொடுக்கும் அவசரத்தில் ப்ரூச்சைக் கழற்ற மறந்துவிடுவார்கள். பை கடைக்குப் போய்விடும். எத்தனை பேர் இப்படித் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்கள்! நல்ல கட்டம் போட்ட துணி, கொசுவம் கத்தி போல நிற்கிறது, முன்னால் கட்டும் ஸ்போரன் பை நடுவில் சரியாகத் தொங்குகிறது என்றால், மூலையில் ஒன்றும் இல்லாததை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. விலை உயர்ந்த மெல்லிய துணிக்கு இதையே முதல் யோசனையாகச் சொல்வேன்.

## குத்தும் முறை

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முறை ஒன்றுதான். கில்ட்டை உடுத்தி, நின்றபடி, உள் ஏப்ரனை இடது கையால் ஒதுக்கிக்கொண்டு, மேல் ஏப்ரனில் மட்டும் குத்துங்கள். பின்பக்கம் பெருவிரல் அகலத்துக்கு ஒரு ஃபெல்ட் துண்டை அதே நிறத்தில் வெட்டிவைத்து, ஊசி துணியோடு அதையும் சேர்த்துக் கோக்கட்டும். இழுப்பை அது வாங்கிக்கொள்ளும். ஊக்கு வகையாக இருந்தால், பட்டுச்சேலைக்கு நாம் செய்வதுபோல, சுருள் பக்கம் ஒரு சின்ன மணியைக் கோத்துவிடுங்கள். துணி அந்தச் சுருளுக்குள் போய் மாட்டாது. இந்த மணி வித்தையை இங்கே ஒரு கில்ட் தையல்காரருக்குக் காட்டினேன். இப்போது அவர் மேசையிலும் ஒரு டப்பா மணி இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் புதுப்புது இடத்தில் குத்தாமல் பழைய தடத்திலேயே குத்துங்கள். விழா முடிந்து வந்ததும், கில்ட்டைத் தொங்கவிடும் முன் கழற்றிவிட வேண்டும். களைப்பில் அப்படியே அலமாரியில் மாட்டினால் அந்த எடை ராத்திரி முழுக்க மூலையை இழுத்துக்கொண்டிருக்கும். கழற்றிய இடத்தில் ஈரத்துணி ஒன்றை வைத்து, இஸ்திரிப் பெட்டியை அழுத்தாமல் மேலாகக் காட்டி ஆவி ஏற்றி, நகத்தால் மெல்ல நீவிவிட்டால், மறுநாள் காலையில் ஓட்டை எங்கே இருந்தது என்று நீங்களே தேட வேண்டியிருக்கும்.